போர்வெல் பணம் போன வழி

வீரபாண்டியில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், சொந்தமாக இரண்டு மிஷின் போட நினைத்துத் தாட்கோ கடனுக்கு மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை, மிஷினுக்கு விலைப்புள்ளி, நேர்காணல், பிறகு வங்கி. பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் திரும்பவும் இ-சேவை மையம். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும்.

பக்கத்து மாநிலத்தில் இதேபோன்ற ஒரு கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். கர்நாடகத்தின் மகரிஷி வால்மீகி பழங்குடியினர் மேம்பாட்டுக் கழகத்தின் பணம் 187 கோடி ரூபாய், உரிய ஒப்புதல் இல்லாமல் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்து சுமார் 89 கோடி ஆந்திரம், தெலங்கானா பக்கம் போலிக் கணக்குகளுக்குப் போனது என்கிறது அமலாக்கத்துறை. ஒரு பயனாளியின் கையெழுத்துகூட இதற்குத் தேவைப்படவில்லை.

இது வெளியே வந்ததும் தணிக்கையால் அல்ல. 2024 மே 26 அன்று அந்தக் கழகத்தின் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் சிவமொக்காவில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதி வைத்த கடிதம்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. ஜூன் 6 அன்று பழங்குடியினர் நலத்துறை அமைச்சர் பி. நாகேந்திரா பதவி விலகினார். ஜூலையில் அமலாக்கத்துறை அவரைக் கைது செய்தது. அக்டோபரில் ஜாமீன் கிடைத்தது. மாநில அரசின் சிறப்புப் புலனாய்வுக் குழு தனது குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. அமலாக்கத்துறையோ அவரைத்தான் சூத்திரதாரி என்கிறது. தன்மேல் குற்றமில்லை என்கிறார் அவர். எது உண்மை என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் பணம் போனது பொய்யல்ல. சுமார் 89 கோடி போனதை முதல்வர் சித்தராமையாவே சட்டப்பேரவையில் ஒப்புக்கொண்டார்; 187 கோடி முழுவதும் போகவில்லை என்பதுதான் அவர் வாதம்.

அந்தப் பணத்தில் சுமார் 20 கோடி பெல்லாரி நாடாளுமன்றத் தேர்தலில் செலவானது என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு. கழகக் கணக்கில் இருந்த தொகையில் 43 கோடிக்கு மேல் 'கங்கா கல்யாண' திட்டத்துக்கு வந்தது. சிறு, குறு விவசாயிகளுக்குப் போர்வெல் போட்டு, மோட்டார் வைத்துக் கொடுக்கும் திட்டம் அது. ஒரு போருக்கு நான்கு லட்சம் என்று வைத்தால்கூட ஆயிரத்துக்கு மேல் போர் போட்டிருக்கலாம். மழையை நம்பி மட்டும் காடு ஓட்டியவர்களுக்கு அது என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம்மில் பலர் பேசத் தயங்குகிற ஒன்று இதில் உண்டு. நாகேந்திரா பழங்குடியினர் தனித்தொகுதியில் வென்றவர். அதே மக்களில் ஒருவர். 'நம்மாள் அமைச்சரானால் நம் பணம் பத்திரம்' என்ற நம்பிக்கையை இந்த வழக்கு உலுக்கிவிட்டது. பதவியில் நம்மாள் இருக்கட்டும். கணக்கு நம் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், 'இந்தக் கழகங்களே தண்டம், மூடிவிடலாம்' என்கிற குரலும் கேட்கிறது. கூட்டுறவு வங்கிகளில் எத்தனை மோசடி பார்த்தோம்! அதற்காக யாரும் விவசாயக் கடனை நிறுத்தச் சொல்லவில்லையே?

திருட்டுதான் வேண்டும் என்பதும் இல்லை. கோப்பில் கையெழுத்துப் போட்டே பணத்தைத் திருப்பிவிடலாம். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லியில் பட்டியலின துணைத் திட்ட நிதி நூற்றுக்கணக்கான கோடி திருப்பப்பட்டது. அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

தாட்கோவில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்காமல் இருக்கக் கேள்வி கேட்போம் என்கிறேன். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இதைச் செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய். காரணம் சொல்லத் தேவையில்லை; 30 நாளில் பதில் வர வேண்டும். திருப்பூர் மாவட்டத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர், பெற்றவர்கள் எத்தனை பேர், செலவாகாத பணம் எந்த வங்கியில் எந்தக் கணக்கில் இருக்கிறது? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.