யாருடைய மணிக்கூடு?

“லொக்கில நேரம் இருக்குத்தானே, பிறகென்ன?” எண்டு கேக்கிறவை வன்னியைப் பாக்கவேணும். 1996 மே மாதம் கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதிகள் எதையும் மாற்றவில்லை. 2006 ஏப்ரல் வரை ஓமந்தையைத் தாண்டினால் அரை மணி வித்தியாசம். கணினியின் நேரவலயப் பட்டியலிலோ முழு இலங்கைக்கும் ‘ஏசியா/கொலம்போ’ ஒன்றுதான். 2003இல் கிளிநொச்சியில் காலை 9.00 மணிக்கு நடந்ததை அது யூரிசி 3.00 ஆக்கும், சரியானது 3.30.

அந்தக்காலப் பதிவை இப்ப ஏற்றி, ஏற்றிய நேரத்திலேயே தேடினால் 2003 எண்டு ஒண்டும் வராது. நிகழ்ந்த நேரத்துக்குத் தனிப் புலம் வையுங்கோ, பக்கத்தில எந்த மணிக்கூடு எண்டும் எழுதுங்கோ. தேடலும் வரிசையும் அந்தப் புலத்திலதான் நடக்கவேணும். “இடம் வீண்” எண்டு சொல்லாதேங்கோ, பதிவுக்குச் சில பைட்தான்.