ரோல் தெரிஞ்சா துணை வேணாமாம்!

வாரம் பூரா ஆபீசில் ஆணி புடுங்கிட்டு, சனிக்கிழமையானா கயாக்கைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கு ஓடுற சியாட்டில் கும்பலில் நானும் ஒருத்தன். கவிழ்ந்த கயாக்கை உள்ளே உட்கார்ந்தபடியே நிமிர்த்துறதுக்குப் பேர் ரோல். அது வந்துட்டா சிலருக்குத் தலைகால் புரியுறதில்லை. "எனக்குத்தான் ரோல் வருதே, துணை எதுக்கு?"ன்னு தனியா கிளம்பிடறாங்க.

அய்யா சாமி, எந்த ரோல்? நீச்சல்குளத்து வெதுவெதுப்பில், மூக்குக்கு கிளிப் மாட்டி, துடுப்பைத் தோதா வச்சுக்கிட்டு, வலப்பக்கம் மட்டும் கவுந்து எழுந்திரிக்கிறீங்களே, அதுவா? பியூஜெட் சவுண்டில் அலை சொல்லிட்டா கவுக்கும்? ஆகஸ்டிலும் அந்தத் தண்ணி விறைக்க வைக்கும். மூச்சுக்குத் தவிச்சு முதல்ல தலையைத் தூக்குவோம். தூக்கினா இடுப்பு வேலை செய்யாது, மறுபடி கவுந்துரும். அந்தத் தப்பு நமக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான் தெரியும். ரோல் சொதப்பினா தன் படகு மூக்கை நம்ம கைக்குக் கொண்டாந்து குடுக்கிறதும் அவன்தான்.

ஜினோ வாட்கின்ஸ்னு ஒரு ஆங்கிலேயர். கிரீன்லாந்துக்காரங்ககிட்டயே ரோல் கத்துக்கிட்டவர். 1932-ல் அதே கிரீன்லாந்தில் சீல் வேட்டைக்குத் தனியா போனார். கயாக்தான் கிடைச்சுது, ஆள் கிடைக்கலை. வயசு 25. நாம அவரை விடப் பெரிய அப்பாடக்கரா?

போன வாரம் இடப்பக்கம் ஏழு தடவை முயற்சி பண்ணி ஏழும் ஊத்திக்கிச்சு. கரையில் நின்னு சிரிச்சது இதே 'துணை எதுக்கு' கோஷ்டிதான். நல்லா சிரிங்க :-) இந்த சனியும் இடப்பக்கம்தான். கூட தண்ணியில நிக்க ரெண்டு பேர் வர்றாங்க.