விறகுக்கு எடை உண்டு, வெப்பத்துக்கு விலை இல்லை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகள் என்றதும் பாலாறும் கழிவுநீரும்தான் பேச்சாகின்றன. வெப்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாயமேற்றும் டிரம்முக்கு வெந்நீர் வேண்டும். ஈரத்தோலை உலர்த்தச் சூடான காற்று வேண்டும். இவற்றுக்காக ஓடும் பாய்லர்களில் விறகு எரிகிறது. மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்குப் பதில் மீண்டும் துளிர்க்கும் மரம் எரிவது நல்லதுதான். விறகுச் சந்தை வளரட்டும் என்றே நானும் சொல்கிறேன். எப்படி வளர்கிறது என்பதில்தான் என் கவலை.

விறகுத் தொட்டியில் விலை டன் கணக்கு. எடைமேடையில் நிற்கும் லாரியில் மரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்படிப்பட்ட ஒரு டன்னில் கிடைப்பது சுமார் 19 லட்சம் கிலோகலோரி; ஈரம் 20 சதவீதமாகும்வரை காயவைத்த ஒரு டன்னில் சுமார் 34 லட்சம். ஆனால் காயவைத்தவருக்கு எடை குறைந்து நஷ்டம், பச்சையாக ஏற்றியவருக்கு லாபம். ஆலையோ தண்ணீருக்கும் காசு கொடுத்து, அதை ஆவியாக்க இன்னும் கொஞ்சம் மரத்தை எரித்து, புகையை ஊருக்குள் விடுகிறது. பின்லாந்தில் வெப்ப நிலையங்கள் மரச்சில்லுகளுக்கு அவை தரும் வெப்பத்தை வைத்துப் பணம் தருகின்றன. இங்கிலாந்தில் 2021 மே முதல், சிறு அளவில் விற்கும் வீட்டு விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் குளிர்நாடுகளில் முடிகிற காரியம் வேலூர் வெயிலில் முடியாதா?

எரிப்பதற்கு மானியம் கொடுத்துச் சந்தையை வளர்க்கும் வழி மட்டும் வேண்டாம். வட அயர்லாந்து 2012-இல் அதைச் செய்தது. எரிபொருளின் விலையைவிட மானியம் கூடுதலாக இருந்ததால், எவ்வளவு எரித்தாலும் லாபம் என்றானது. அந்த மானியச் சர்ச்சையில் 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்தது.

அடுத்தது, மரம் எங்கிருந்து வருகிறது என்பது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில் பின்னர் இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவே மேற்கே நீண்டது. அன்றைய இன்ஜின்கள் விறகு தின்றன. பாதையோரக் காடுகள் மெலிந்தன. ரயிலுக்காகவே கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் போட வேண்டியதாயிற்று. கடப்பைப் பக்கம் 1870களில் வந்திறங்கிய வேலிக்காத்தானும் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்ததுதான். இன்று அது ஏரிகளை அடைத்து நிற்கிறது. அதை வெட்டி எரித்தால் இரட்டை நன்மை என்கிறார்கள். முழுமையாக ஏற்க முடியவில்லை. அடிமரத்தை விட்டு வெட்டினால் அது மறுபடி தழைக்கும். ஏரி மரத்தை ஏலம் எடுத்தவருக்கும் அதுவே வசதி. விறகுச் சந்தை அதை நம்பி வளர்ந்தால், அதை ஒழிக்க விரும்பாத ஒரு கூட்டமும் கூடவே வளரும். 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்ற தமிழக அரசு கொள்கை வகுத்திருக்கும்போது, ஏரிக்குள் வேரோடு பிடுங்குபவருக்கே ஏலம் என்று நிபந்தனை வைக்க வேண்டும். நிரந்தர விறகுக்குப் பட்டா நிலத்துச் சவுக்கும் சவுண்டலும் போதும். சில ஆண்டுகளில் அறுவடைக்கு வந்துவிடும்.

வேலூரிலிருந்து 25 கிலோமீட்டரில் இருக்கும் அமிர்திக் காட்டை நினைத்தே இவ்வளவும் சொல்கிறேன். ஜவ்வாது மலைச்சரிவின் ஒரு மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை ஒரு மாலையில் எரித்துவிட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று கணக்கெழுதுவது பொய்.

வெந்நீரின் முதல் கட்டச் சூட்டைச் சூரியனே தரும். விறகுத் தேவை அங்கேயே குறையும். மிச்சத்துக்கு ஆலைகள் சேர்ந்து ஒரு பொது விறகுக் கிடங்கு வைக்கலாம். தனித்தனியாகச் செய்ய முடியாத கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பொது நிலையங்கள் மூலம் செய்யப் பழகியவர்கள்தானே இவர்கள்; 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த நெருக்கடியைக் கொடுத்தது. கிடங்கில் கூரை வேண்டும், ஈரம் அளக்கும் கருவி வேண்டும், லாரியோடு வரும் சீட்டில் எந்தச் சர்வே எண்ணில் வெட்டிய மரம் என்று எழுதியிருக்க வேண்டும். சீட்டில்லாத லாரி எடைமேடைக்கே ஏறக் கூடாது.