வெங்காயமும் வெள்ளிக்கிழமை வசூலும்

2026 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது விழா ஒளிபரப்பானபோது, உறையைப் பிரிப்பதற்கு முன்பே யார் ஜெயிப்பார் என்று பாலிமார்க்கெட் தளத்தின் பந்தய விகிதம் திரையில் ஓடியது. அதற்கு ஒரு மாதம் முன்னால், 2025 டிசம்பரில், சி.என்.என். தொலைக்காட்சி கால்ஷி என்ற இன்னொரு பந்தயத் தளத்தோடு ஒப்பந்தம் போட்டது. தேர்தலுக்கும் வானிலைக்கும் விருதுக்கும் விகிதம் வந்துவிட்ட பிறகு, ஹாலிவுட் கோடைப் படங்களின் முதல் மூன்று நாள் வசூல் மட்டும் தப்புமா? இந்தப் படம் வெள்ளி, சனி, ஞாயிறில் 10 கோடி டாலரைத் தாண்டுமா, தாண்டாதா? ‘ஆம்’ என்பதற்கு ஒரு விலை, ‘இல்லை’ என்பதற்கு ஒரு விலை. இதை முன்கணிப்புச் சந்தை என்கிறார்கள். சூதாட்டம் என்று ஒப்புக்கொண்டால் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் வாங்க வேண்டும். சந்தை என்று சொல்லிவிட்டால் வாஷிங்டனில் ஓர் ஆணையத்தைச் சமாளித்தால் போதும்.

இதில் வேடிக்கை, அமெரிக்கச் சட்டமே வசூல் மீதான பேரத்தை எப்போதோ தடுத்துவிட்டது. கச்சா எண்ணெய், தங்கம், கோதுமை, கால்நடை என்று அங்கே எத்தனையோ பொருள்களில் முன்பேர வர்த்தகம், அதாவது பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது, நடக்கிறது. இரண்டை மட்டும் சட்டம் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. ஒன்று வெங்காயம், மற்றொன்று சினிமா டிக்கெட் வசூல். வசூல் மட்டுமல்ல, வசூலைச் சார்ந்த குறியீடு, அளவு, தரவு எதையும் வைத்து முன்பேரம் கூடாது என்று அந்தப் பிரிவு சந்துபொந்தையும் சேர்த்தே அடைக்கிறது.

இந்தப் பொருந்தாக் கூட்டணியின் கதை தெரியாமல் இன்றைய சர்ச்சை புரியாது. 1955இல் சிகாகோ வணிகச் சந்தையில் வெங்காய முன்பேரம் கொடிகட்டிப் பறந்தது. நியூயார்க் மாநிலத்தில் வெங்காயம் பயிரிட்டுக்கொண்டிருந்த வின்சென்ட் கொசூகாவும் சாம் சீகல் என்ற வியாபாரியும் கைகோத்து, சிகாகோவில் இருந்த வெங்காயத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக மடக்கினார்கள். மூன்று கோடி பவுண்டு. பிறகு விவசாயிகளைக் கூப்பிட்டு, இதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளாவிட்டால் மொத்தச் சரக்கையும் சந்தையில் இறக்கிவிடுவோம் என்று மிரட்டினார்கள். விவசாயிகள் பயந்து வாங்கினார்கள். அவர்கள் வாங்கிய கையோடு, விலை விழும் என்று இந்த இருவரும் எதிர்ப்பக்கம் பணம் கட்டினார்கள். அழுகத் தொடங்கிய வெங்காயத்தை வெளியூர் அனுப்பி, தோல் நீக்கி, மூட்டை மாற்றி, மறுபடி சிகாகோவுக்கே கொண்டுவந்தார்கள். புதுச் சரக்கு வந்து குவிகிறது என்று சந்தை நம்பியது. 1955 ஆகஸ்டில் 2.75 டாலருக்கு விற்ற 50 பவுண்டு மூட்டை 1956 மார்ச்சில் 10 சென்ட்டுக்கு வந்தது. வெங்காயம் இல்லாத வெறும் சாக்குக்கு அதைவிடக் கூடுதல் விலை. பல விவசாயிகள் திவாலானார்கள். மிச்சிகனிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வாகியிருந்த ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அமெரிக்க அதிபரானவர், தடை மசோதாவைக் கையில் எடுத்தார். 1958இல் சட்டமானது. இன்றுவரை அமெரிக்காவில் வெங்காய முன்பேரம் கிடையாது.

அந்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் சினிமா வந்து உட்கார்ந்தது 2010இல். கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு நிறுவனம் விளையாட்டுப் பணத்தில் நடந்துகொண்டிருந்த ‘ஹாலிவுட் பங்குச் சந்தை’யை 2001இலேயே வாங்கி வைத்திருந்தது. அதை நிஜப் பணத்துக்கு மாற்ற விரும்பி, வாஷிங்டனில் உள்ள அந்தப் பண்ட முன்பேர வர்த்தக ஆணையத்திடம் அனுமதியும் வாங்கிவிட்டது. போட்டிக்கு மீடியா டெரிவேட்டிவ்ஸ் என்று இன்னொரு நிறுவனம். ஸ்டுடியோக்கள் பதறியடித்து காங்கிரசிடம் ஓடின. அந்த ஜூலையில் நிறைவேறிய டாட்-ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில், வெங்காயத் தடை வாசகத்திலேயே சினிமா வசூலும் சேர்க்கப்பட்டது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பக்கம் நின்று எழுதுவது எனக்கு வழக்கமில்லை. அவர்கள் தங்கள் பிழைப்புக்காகத்தான் ஓடினார்கள். ஆனால் ஓடிய திசை சரி.

வெங்காயத்தையும் முதல் வார இறுதியையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இரண்டும் சீக்கிரம் கெடும் சரக்கு. இரண்டிலும் கிடங்கில் என்ன இருக்கிறது என்பது வெகு சிலருக்குத்தான் தெரியும். வெளியே இருப்பவனுக்குக் கிடைப்பது வதந்தி.

கணிப்பு எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். 1978இல் தொடங்கிய நேஷனல் ரிசர்ச் குரூப் போன்ற நிறுவனங்கள், படம் வருவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மக்களிடம் கேள்வி கேட்கின்றன. இந்தப் படம் வருவது தெரியுமா, நாங்கள் பெயர் சொல்லாமலே உங்களுக்கு நினைவு வருகிறதா, நிச்சயம் பார்ப்பீர்களா, வருகிற படங்களில் இதுதான் முதல் தேர்வா? இந்த நான்கு கேள்விகளின் விடையோடு முன்பதிவு நிலவரமும் சேர்ந்து ஓர் எண் பிறக்கிறது. அந்த எண் பத்திரிகைக்கு வரும்போது ஸ்டுடியோ அதைக் கொஞ்சம் சீவிவிடும். 2023 ஜூலையில் ‘பார்பி’க்கு வார்னர் பிரதர்ஸ் சொன்னது 7.5 கோடி டாலர். வெளியில் இருந்த கணிப்பாளர்கள் 10 கோடியை ஒட்டியும் தாண்டியும் சொன்னார்கள். வந்தது 16.2 கோடி. குறைத்துச் சொல்லி வைத்தால் திங்கட்கிழமை தலைப்பு ‘எதிர்பார்ப்பை மிஞ்சியது’ என்று வரும். ஆக, நாம் கணிப்பு என்று படிப்பதில் பாதி விளம்பரத் துறையின் பேரம்.

2024 ஜூனில் ‘இன்சைட் அவுட் 2’க்கு 9 கோடி வரை சொன்னார்கள், 15.4 கோடி வந்தது. 2025 ஏப்ரலில் ‘மைன்கிராஃப்ட்’டுக்கு 8 கோடிக்குள் என்றார்கள், 16 கோடியைத் தாண்டியது. ‘ஃபியூரியோசா’வுக்கு 2024 மே மாத விடுமுறையின் நான்கு நாளில் 4 கோடிக்கு மேல் எதிர்பார்த்தார்கள், 3.2 கோடியில் நின்றது. குறைத்து மதிப்பிடப்பட்ட மூன்றும் பெண்களோ பிள்ளைகளோ அள்ளிக்கொடுத்த படங்கள். மிகைப்படுத்தப்பட்டது, கார்களை மோதவிட்டு வாலிபர்களை நம்பிய படம். எட்டு வயதுக் குழந்தை சனிக்கிழமை காலை அடம்பிடிப்பதை எந்த நிறுவனமும் மூன்று வாரம் முன்னால் கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

போகட்டும், கணிப்பு துல்லியமாகவே அமையட்டும். அதனால் தெரிவது என்ன? எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2023 ஜூன் 16, ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு படங்கள். வார்னரின் ‘தி ஃபிளாஷ்’, பிக்ஸாரின் ‘எலிமென்டல்’. முதல் மூன்று நாளில் வட அமெரிக்காவில் ஃபிளாஷ் 5.5 கோடி டாலர், எலிமென்டல் 2.96 கோடி. பிக்ஸாரின் வரலாற்றிலேயே மிக மோசமான தொடக்கங்களில் ஒன்று என்று எலிமென்டலுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே கருமாதி நடத்திவிட்டார்கள். இரண்டாம் வாரம் ஃபிளாஷ் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டச் சரிந்தது. எலிமென்டல் நிதானமாக நடந்தது. கடைசியில் ஃபிளாஷ் 10.8 கோடி, எலிமென்டல் 15.4 கோடி. உலக அளவில் ஃபிளாஷ் 27 கோடி, எலிமென்டல் 49 கோடிக்கும் மேல். மொத்த வசூலைத் தொடக்க வசூலால் வகுத்தால் ஃபிளாஷுக்கு இரண்டுகூட வரவில்லை. எலிமென்டலுக்கு ஐந்தைத் தாண்டுகிறது. படத்தின் உயிர் இந்த மடங்கில் இருக்கிறது. அதை எந்தக் கருத்துக்கணிப்பும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது படம் பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் என்ன சொல்கிறான் என்பதைப் பொறுத்தது.

1977 மே 25 அன்று ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது 32 திரையரங்குகளில். இன்றைய கணிப்பாளர் கையில் அது சிக்கியிருந்தால் ஞாயிறு மாலைக்குள் ‘சிறு படம்’ என்று முத்திரை குத்தி மூடியிருப்பார். 2025 ஏப்ரலில் ரயன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ 4.8 கோடியோடு தொடங்கியபோது, 9 கோடி போட்ட படம் லாபம் பார்க்க இன்னும் வெகுதூரம் என்று ஒரு முன்னணி சினிமாப் பத்திரிகை முகம் சுளித்தது. இரண்டாம் வாரம் 4.5 கோடிக்குக் குறையவில்லை. மொத்தம் 27 கோடியைத் தாண்டிப் போனது.

இவ்வளவு ஓட்டையான எண்ணின் மீதுதான் இப்போது பணம் கட்டச் சொல்கிறார்கள். வியாழக்கிழமை இரவுச் சிறப்புக் காட்சியின் வசூல் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்கிறது. அந்த எண் வெளியே வருவதற்கு முன் யாருக்குத் தெரியும்? ஸ்டுடியோவின் விநியோகப் பிரிவுக்கு, திரையரங்குச் சங்கிலியின் கணினிப் பிரிவுக்கு, இணையத்தில் டிக்கெட் விற்கும் நிறுவனத்துக்கு. இன்னும் மோசம், ஞாயிறு காலை உலகம் முழுக்கச் செய்தியாகும் அந்த ‘முதல் வார இறுதி வசூல்’ உண்மையில் வசூலே அல்ல. வெள்ளியும் சனியும் கணக்கு; ஞாயிறு ஊகம். மதியக் காட்சிக்குக் கதவு திறப்பதற்கு முன்பே அன்றைய இரவுக் காட்சி வரை கூட்டி ஸ்டுடியோவே அனுப்பிவிடுகிறது. உண்மைக் கணக்கு திங்கட்கிழமைதான். பந்தயப் பொருளை எண்ணிச் சொல்பவனே பந்தயக்காரனின் நண்பனாக இருக்கலாம். கொசூகாவுக்காவது வெங்காயத்தை ஊர் ஊராகச் சுமந்து திரியும் வேலை இருந்தது. இவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போதும்.

கூட்டத்தின் அறிவு தனிமனிதக் கணிப்பைவிட மேல் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் வகுப்பெடுப்பார்கள்; ஹாலிவுட் பங்குச் சந்தை நன்றாகவே கணித்தது என்பார்கள். அது பொம்மைப் பணம், ஐயா. பொம்மைப் பணத்துக்காக எவனும் திருட மாட்டான். சிறு தயாரிப்பாளர் நஷ்டத்துக்குக் காப்பாக இதைப் பயன்படுத்தலாம் என்பது அடுத்த வாதம். எந்தச் சிறு தயாரிப்பாளர்? 4,000 திரையரங்குகளில் இறங்கும் டிஸ்னி படத்துக்குத்தான் பந்தயம் களைகட்டும். இதற்கு மேல் பதில் தேவையில்லை.

தளங்களின் சாமர்த்தியத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆணையத்தின் கீழ் இயங்கும் கால்ஷி, வசூலுக்குப் பதில் ராட்டன் டொமேட்டோஸ் விமர்சன மதிப்பெண்ணைப் பந்தயமாக வைக்கிறது. 2022இல் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டி அமெரிக்கர்களுக்குக் கதவை மூடிய பாலிமார்க்கெட், வெளியில் இருந்தபடியே முதல் வார இறுதி வசூலுக்கும் பந்தயம் நடத்தியது. 2025 இறுதியில் அதற்கு மறுபடி அமெரிக்க வாசல் திறந்துவிட்டது. தடை எழுத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிப் பாதை போட்டாகிவிட்டது. விமர்சகன் எழுதப்போகும் ஒரு வரிக்கு விலை இருக்கும்போது, அந்த வரியை வாங்க ஆள் வராமல் இருக்குமா?

நாம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டோம். 2025 ஆகஸ்டில் இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்து இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும், எதற்கும் ‘ஆம், இல்லை’ விற்றுக்கொண்டிருந்த செயலிகள் கடையைக் கட்டின. ஆனால் படத்தை விட்டுவிட்டு வசூலைப் பேசும் வியாதி நம்மை விட்டபாடில்லை. அமெரிக்காவிலாவது திங்கட்கிழமை ஒரு கணக்கு வரும். கோடம்பாக்கத்தில் தயாரிப்பாளர் போஸ்டரில் அடித்ததுதான் கணக்கு. அதை மறுக்கவும் வழியில்லை, ஏற்கவும் வழியில்லை.

அமெரிக்க ஆணையம் 2010 சட்டத்தை எழுத்தில் உள்ளபடி அமல்படுத்த வேண்டும். விமர்சன மதிப்பெண் மீதான பந்தயத்தையும் அந்தத் தடைக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை பத்திரிகைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகளும் செய்யலாம், நாமும் செய்யலாம். படம் வெளியாவதற்கு முன் எந்த வசூல் எண்ணையும், அது யார் கொடுத்ததாக இருந்தாலும், அச்சில் ஏற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணும் வேண்டாம். திங்கட்கிழமை உண்மைக் கணக்கு வந்ததும், செவ்வாய்க்கிழமை இதழில் உள்பக்கத்தில் நான்கு வரி போட்டால் போதும்.