விஞ்ஞானியைப் பார்த்துச் சிரிக்கலாம், எஜமானனை விட்டுவிடலாமா?

லண்டனிலிருந்து வெளிவரும் ‘நியூ சயின்டிஸ்ட்’ என்ற விஞ்ஞான வாரப் பத்திரிகையில் 1970ம் ஆண்டு தொடங்கி 1994ம் ஆண்டு வரை ஒரு கேலிச் சித்திரத் தொடர் வந்தது. அதன் பெயர் ‘கிரிம்பிள்டன் டவுன்’. வரைந்தவர் பில் டைடி. ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடம், அதில் வெள்ளை அங்கி மாட்டிய விஞ்ஞானிகள், அவர்கள் செய்யும் கோமாளித்தனமான பரிசோதனைகள்: இதுதான் விஷயம்.

எங்கோ சீமையில் வந்த சிரிப்புப் படத்தைப் பற்றி மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கும் பத்திரிகையில் என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மெய்யான இடம் இருக்கிறது. அந்த இடத்தில் செத்தவன் நம்மைப் போன்ற ஒரு கூலிக்காரன்.

முதலில் படம் போட்டவரைப் பற்றி. டைடி 1933ல் பிறந்தவர், 2023ல் காலமானார். சித்திரப் பள்ளி எதிலும் படித்தவரல்ல. பட்டாளத்தில் இருந்தவர். ‘டெய்லி மிர்ரர்’ தினசரியில் அவர் போட்ட இன்னொரு தொடர், பஞ்சாலைகளுக்குப் பேர்போன லங்காஷயர் ஜில்லாவில் மாட்டுக்குடல் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. பணக்காரக் குடும்பங்களின் பெருமை பேசும் நாவலைக் கிண்டல் செய்யவே அதை எழுதினார். பெரிய மனிதர்களின் வேஷத்தைக் கலைப்பதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

‘டவுன்’ என்றதும் நம் ஊர் டவுன் என்று எண்ண வேண்டாம். தென் இங்கிலாந்தில் அது புல்வெளி மேட்டைக் குறிக்கும் சொல். ‘கிரிம்’ என்றால் கொடிய என்று பொருள். ஆங்கிலேயன் எவனுக்கும் அந்தப் பெயரைக் கேட்டதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வரும்: போர்ட்டன் டவுன்.

மெய்யான சோதனைச்சாலை

1915ல் ஈப்ர யுத்தமுனையில் ஜெர்மன் படை குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்டது. மறுவருஷம், 1916ல், பிரிட்டிஷ் சர்க்கார் வில்ட்ஷயர் ஜில்லாவில் போர்ட்டன் டவுனைத் தொடங்கியது. எதிரி செய்த பாவத்தைக் கண்டித்துக்கொண்டே அதே பாவத்தைச் செய்யக் கற்றுக்கொள்வதற்கு ஒரு பள்ளிக்கூடம்! அங்கே சோதனைக்கு உடம்பைக் கொடுத்த சிப்பாய்கள் 20,000 பேருக்கு மேல்.

அவர்களில் ஒருவன் ரொனால்டு மாடிசன். விமானப்படையில் சாதாரண ஊழியன். வயது 20, படம் போட்ட டைடியும் அதே 1933ல் பிறந்தவர்தான். 1953ம் ஆண்டு மே 6ந் தேதி மாடிசனின் கைமேல் துணியைப் போட்டு, அதன்மேல் ‘சாரின்’ என்ற நரம்பு விஷத்தில் 200 மில்லிகிராம் சொட்டினார்கள். அன்றே அவன் செத்துப்போனான். இதற்காக அவனுக்குப் பேசிய கூலி 15 ஷில்லிங்கும் மூன்று நாள் லீவும்! ஜலதோஷத்துக்கு மருந்து காணும் சோதனை என்று சொல்லித்தான் தங்களை அழைத்துப் போனார்கள் என்று அங்கே போய் வந்த பல சிப்பாய்கள் பின்னாளில் கூறினர்.

விசாரணை நடந்தது. எப்படி? கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியமாக. ‘விபத்து’ என்று எழுதி பைலைக் கட்டி வைத்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1930களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல், போர்ட்டன் விஞ்ஞானிகள் ராவல்பிண்டிக்கு வந்து, பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானவர்கள்மேல் ‘மஸ்டர்டு’ வாயுவைச் சோதித்தார்கள். தோலைக் கொப்புளிக்கச் செய்யும் விஷம் அது. இந்தியனின் தோல் வெள்ளைக்காரனின் தோலைவிட அதிகமாக வேகுமா என்று பார்க்க வேண்டுமாம்! புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. இந்தச் சங்கதி தஸ்தாவேஜுகளிலிருந்து பத்திரிகைக்கு வந்தது 2007ல்தான்.

வயலில் மருந்தடிக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சாரினை 1938ல் கண்டவர்கள், பூச்சிமருந்து தேடிய ஜெர்மன் கம்பெனி ரசாயனிகள். 1950களில் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி பூச்சிமருந்தாக விற்ற ஒரு சரக்கு மிதமிஞ்சிய விஷம் என்று கைவிடப்பட்டது. அதன் விவரம் போர்ட்டனுக்குப் போயிற்று. அந்த வழியில் பிறந்ததுதான் சாரினையும் மிஞ்சிய ‘வி.எக்ஸ்.’ ஒரே குடும்பத்து விஷம். பூச்சியின் நரம்பைப் பிடிப்பது போலவே மனிதன் நரம்பையும் பிடிக்கிறது. முகமூடியும் கையுறையும் கேட்கிற விவசாயத் தொழிலாளியைப் பார்த்து ‘இது பூச்சிக்குத்தானே’ என்று சொல்லும் மிராசுதாருக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள்!

சிரிப்பின் பலமும் எல்லையும்

இப்போது படத்துக்கு வருவோம். கேலிச் சித்திரம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அந்தத் தொடரை வாராவாரம் படித்தவர்களில் விஞ்ஞானிகளே ஏராளம். தங்களையே கேலி செய்யும் படத்தை அவர்கள் 24 ஆண்டுகள் ஏன் ரசித்தார்கள்? விஞ்ஞானியும் சம்பளக்காரன். என்ன ஆராய வேண்டும், யாருக்காக ஆராய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் வேறொருவன். ரகசியச் சட்டம் அவன் வாய்க்குப் பூட்டு. வெள்ளைக்காரன் 1923ல் நமக்கும் அப்படி ஒரு பூட்டைச் செய்து மாட்டினான். இன்றும் அதைக் கழற்றவில்லை. வாயைத் திறந்து பேச முடியாதவன் வாய்விட்டுச் சிரிக்கவாவது செய்தான். மந்திரி, தளபதி, விஞ்ஞானி என்றால் கைகட்டி நிற்க வேண்டும் என்ற பயத்தை இப்படிப்பட்ட சிரிப்பு உடைக்கிறது. அது நல்ல காரியம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 24 ஆண்டுகள் படம் வந்தது. மாடிசனின் பைல் திறக்கவில்லை. 1994ல் படம் நின்றது, அப்போதும் திறக்கவில்லை. திறந்து வைத்தது யார்? உடம்பு கெட்டுப்போன பழைய சிப்பாய்கள். கிழவர்களாகிவிட்ட அவர்கள் ஒன்றுசேர்ந்து, கேட்ட கேள்வியையே விடாமல் கேட்டார்கள். 1999ல் போலீஸ் விசாரணை தொடங்கியது. 2004 நவம்பரில் இரண்டாவது மரண விசாரணை முடிந்தது: மாடிசன் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டான் என்பது தீர்ப்பு. 51 ஆண்டுகள்! 2008ல் சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, 360 பேருக்கு மொத்தம் 30 லட்சம் பவுன் கொடுத்தது. தலைக்குச் சுமார் 8,300 பவுன். வழக்கோ, எந்த விஞ்ஞானி மேலும் இல்லை, எந்த அதிகாரி மேலும் இல்லை.

சிரிப்பு, கதவு எங்கே இருக்கிறது என்று காட்டியது. சங்கம் கதவைத் தட்டித் திறந்தது. வித்தியாசம் அதுதான்.

நாம் கேட்பது

விஞ்ஞானத்தின்மேல் நமக்குப் பகையில்லை. அம்மைக்கும் காலராவுக்கும் மருந்து தந்தது விஞ்ஞானம். நம் குழந்தைகள் உயிரோடிருப்பது அதனால். மூடிய கதவுக்குப் பின்னால், யாருக்கும் கணக்குச் சொல்லாமல், ஏழையின் உடம்பை எலியாக்கும் ஆராய்ச்சியைத்தான் எதிர்க்கிறோம். எந்தக் கொடி பறக்கும் கட்டடத்தில் நடந்தாலும் அது அக்கிரமமே.

நம் உடம்பில் எதைச் சோதித்தாலும் நம் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும். கெடுதல் வந்தால் மறைக்காமல் விசாரிக்க வேண்டும். ஆலையில் புதுச் சாயம் வந்தாலும், வயலில் புது மருந்து வந்தாலும் முதல் கேள்வி இதுவாகட்டும்: இதில் என்ன இருக்கிறது? தனியாளாகக் கேட்டால் வெளியே போ என்பான். சங்கமாகக் கேட்போம்!