கனமான விருந்தாளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கிழக்குத் தாம்பரத்தில் நமது வீட்டு வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் முதலில் லாரிக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு அண்ணாந்து இரண்டாம் மாடியைப் பார்த்தார்கள். பிறகு நம்மைப் பார்த்தார்கள். அந்த மூன்றாவது பார்வையின் தாத்பரியத்தை அறிந்துகொள்ள நமக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"லிஃப்ட் இருக்குதா, சார்?" என்று மூத்தவர் கேட்டார்.

இல்லை என்று சொல்வதற்கே சற்று வெட்கமாயிருந்தது. நமது கட்டடம் 1994-ல் எழும்பியது. அக்காலத்தில் தாம்பரத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் வயலை மனையாக்கி வீடு கட்டியவர்கள், மனிதர்கள் ஏறுவதற்குப் படி போதும் என்று எண்ணினார்களே தவிர, அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு நாள் ஏறும் என்று கனவிலும் கருதவில்லை.

நாமும் கருதவில்லை என்பதே உண்மை. பெட்டியை வாங்கியது நாம் அல்ல; நாவலூரில் உத்தியோகம் பார்க்கும் நமது புதல்வன். "கேட்டால் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை" என்று டெலிபோனில் சமாதானம் சொன்னான். பெற்றோருக்குப் பரிசளிப்பதில் இது ஒரு புது முறை போலும்!

பெட்டி அட்டையுடன் சேர்த்து முப்பது கிலோ. நாம் ஐந்து ஆழாக்கு அரிசிப் பையைத் தூக்கினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வயதை எய்திவிட்டோம். ஆகையால் இது பெரிய பாரமாகத் தோன்றியது. ஆனால் பாரம் என்றால் என்ன என்று இந்தப் பெட்டிக்குத் தெரியாது. கூடத்தின் மூலையில் கொலுவீற்றிருந்த நமது பழைய இருபத்தொன்பது அங்குலப் பெட்டிக்குத்தான் தெரியும். அது நாற்பது கிலோவுக்குக் குறையாது. 2003-ம் வருஷம் செப்டம்பரில், இந்தியாவிலேயே முதன் முதலாகச் சென்னையில் கேபிளுக்கு "செட் டாப்" பெட்டி கட்டாயமாயிற்றல்லவா? அந்தப் பரபரப்பில் வாங்கியது அது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். நாலு பேரும் மோர் சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய பெட்டி ஏன் அவ்வளவு கனத்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. அதன் உள்ளே இருந்தது ஒரு கண்ணாடிக் குடுவை. அந்தக் குடுவைக்குள்ளே காற்றே கிடையாது. நம்மைச் சுற்றியுள்ள காற்றோ, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ பளுவாக அழுத்திக்கொண்டிருக்கிறது. இருபத்தொன்பது அங்குலத் திரையின் பரப்பு சுமார் இரண்டாயிரத்து இருநூறு சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாம் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்தத் திரையின் முகத்தில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பளு ஓசையில்லாமல் உட்கார்ந்திருந்தது! அதைத் தாங்குவதற்காகவே முகத்துக் கண்ணாடியை ஓர் அங்குலத்தில் பாதி கனத்துக்கு வார்த்தார்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுவதால் எக்ஸ்-கதிர்கள் உண்டாகும். அவை வெளியே கசியாதபடி பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஈயத்தைக் கலந்தார்கள். அந்த ஈயத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாடிப்படியின் முதல் வரிசை சிரமமில்லாமல் கழிந்தது. திருப்பத்தில்தான் விஷயம் முட்டிக்கொண்டது. பெட்டியின் நீளம் ஐந்தடிக்கு மேல். திருப்பத்தின் அகலம் மூன்றடி. எதிர் வீட்டு மாமி கதவைத் திறந்து பார்த்து, "ஏம்ப்பா, படுக்கப் போட்டுத் தூக்கினா சுலபமா இருக்குமே?" என்றாள். அட்டைப் பெட்டியின் மேலே அம்புக்குறி போட்டு, படுக்க வைக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. புதுப் பெட்டியின் திரை மெல்லிய தகடு. படுக்க வைத்தால் அதன் நடுப்பாகம் தொய்ந்து, வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே விரிசல் கண்டுவிடும். மின்சாரம் கொடுத்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

மூத்தவர் மாமிக்கு மரியாதையாகப் பதில் சொன்னார்: "படுக்க வெச்சா சார் காசு போகும்மா, நிக்க வெச்சா எங்க முதுகு போகும். முதுகு நாளைக்குச் சரியாயிடும்."

அவ்வார்த்தையைக் கேட்டுவிட்டு நாம் வெறுமனே நின்றுகொண்டிருக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலாகப் பெட்டியை நிமிர்த்தித் தூக்கினார்கள். நாமும் கீழ் மூலையில் ஒரு கையைக் கொடுத்தோம். நமது கையினால் பெட்டி ஒரு அங்குலமாவது உயர்ந்திருக்கும் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. மேலே வந்து சேர்ந்தபோது இருவருக்கும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அன்று அவர்களுக்கு அது நாலாவது வீடாம். மாடிப்படிக்கென்று தனிக் கூலி உண்டா என்று கேட்டோம். சிறியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே விடையாயிற்று. ஒரு சொடுக்கில் பொருள் வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று மெச்சிக்கொள்ளும் நாம், அந்தச் சொடுக்குக்கும் கூடத்துக்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை எண்ணுவதில்லை. நம்மால் இயன்றதைக் கொடுத்தோம். வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டியைத் திறந்து பொருத்துவதற்கு அவர்களுக்கு உத்தரவு இல்லை. அதற்கென்று வேறொருவர் இரண்டு நாளில் வருவார் என்றார்கள். அதுவரையில் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் மேடவாக்கத்திலிருந்து நமது புதல்வி இரண்டு வயதுக் குழந்தையுடன் வந்திருந்தாள். மாப்பிள்ளை வேறு உடன் வந்திருந்தார். கூடத்தின் நடுவே பிரிக்காத பெட்டியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைக் கழிப்பது மனித சுபாவத்துக்கு விரோதம்.

ஆகவே திறந்தோம். அடியிலுள்ள பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றி, மேலட்டையை நேராக உயர்த்தினால் பெட்டி நின்றபடியே வெளிப்படுகிறது. மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. இரண்டு கால்களையும் திருகாணி போட்டு முடுக்கினோம். அப்போதுதான் ஒரு சங்கதி தெரிந்தது. கால்கள் இரண்டும் இரு ஓரங்களில் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி நாலடிக்குச் சமீபம். நமது தேக்கு மேஜையோ மூன்றரை அடி. என்ன செய்வது? மாப்பிள்ளை பரணிலிருந்து ஒரு பலகையை இறக்கினார். மேஜையின் மேல் பலகை, பலகையின் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் தொலைக்காட்சி. பார்ப்பதற்கு லட்சணமாகவே இருந்தது.

திங்கட்கிழமை மாலை, குழந்தை தவழ்ந்து வந்து விரிப்பின் நுனியைப் பிடித்து எழுந்து நின்றது.

நேயர்களே! நாம் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். பலகையின் ஒரு முனை தூக்கியது; பெட்டியின் தலை முன்னால் சாய்ந்தது. நாம் எழுந்திருக்க முயன்றதுதான் நினைவிருக்கிறது, எழுந்ததாக நினைவில்லை. நமது புதல்வி சமையலறை வாசலிலிருந்து எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு கையால் பெட்டியைத் தாங்கி, ஒரு காலால் குழந்தையை அப்பால் தள்ளினாள். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. தாயே காலால் தள்ளிவிட்டாளே என்றுதான் அழுதது. பெட்டியின் கனம் இருபது கிலோவுக்கு மேல். குழந்தையின் கனம் பதினொன்று.

அன்றிரவு பலகையை அப்புறப்படுத்தி, பெட்டியைத் தரையில் சுவரோடு சாத்தி, நைலான் கயிற்றினால் ஜன்னல் கம்பியில் கட்டினோம். மாட்டைக் கட்டுவதுபோல் தொலைக்காட்சியைக் கட்டிய முதல் வீடு நமதாகத்தான் இருக்கும் என்று எண்ணினோம். புதன்கிழமை வந்த பொருத்துநர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இது சரிங்க சார். கால்ல நிக்க வெக்கிறவங்க எல்லாருமே பின்னாடி ஒரு பட்டை கட்டிடணும். யாரும் கட்டுறதில்லை" என்றார். பழைய கனத்த பெட்டியிலும் இதே ஆபத்து உண்டு. அதன் பாரமெல்லாம் முகத்துக் கண்ணாடியில் இருப்பதால், குழந்தை மேஜை இழுப்பறையைத் திறந்து படியாக்கி ஏறினால் பெட்டி முகம் குப்புறத்தான் விழும். புதியது மெலிந்ததாயிற்றே என்று நாம் அலட்சியமாயிருந்துவிட்டோம்.

பொருத்துநர் இருபத்தைந்து வயது இளைஞர். ஆனால் சுவரைப் பரிசோதித்த முறையைப் பார்த்தால் நாடி பிடிக்கும் வைத்தியர்தான். விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். நாம் தேர்ந்தெடுத்திருந்த சுவர் நாலரை அங்குலச் சுவர். அதன் மறுபுறம் சமையலறைக் குழாய். "இங்கே துளை போட்டா உங்க வீட்டிலேயே பாபநாசம் அருவி பார்க்கலாம்" என்றார். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் துளையிடக் கூடாதாம். மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அங்கேதான் செங்குத்தாக ஓடும். கடைசியில் எதிர்ப்புறத்து ஒன்பது அங்குலச் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, துளையிட்டு, இரும்புச் சட்டத்தை முடுக்கி, அதில் தாமே இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினார். "இனிமே பேரன் தொங்கினாலும் சரி" என்றார். உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பாகம் வர வேண்டுமே தவிர, சாமி படம்போல் உயரே மாட்டக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். கூடத்தில் எல்லாரும் இப்போது கிழக்கு நோக்கி உட்கார்ந்திருந்தவர்கள் மேற்கு நோக்கி உட்காருகிறோம்.

பிறகு அந்தப் பெட்டி நமது பாஷை, ஊர், மின்னஞ்சல், பிறந்த வருஷம் எல்லாவற்றையும் விசாரித்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை.

நாமும் பல பெட்டிகளைக் கண்டவர்கள். 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமான பிறகு, நமது தெருவுக்கு முதல் பெட்டி வந்தது. மரத்தாலான அலமாரிபோல் இருக்கும். மடக்குக் கதவு உண்டு. கதவுக்குப் பூட்டும் உண்டு. அதைச் சுவரில் மாட்டும் கவலை யாருக்கும் இருந்ததில்லை. கவலையெல்லாம் மொட்டை மாடியில். ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் மேலே, "இப்போ தெரியுதா?" என்ற கேள்வியை ஏந்திக்கொண்டு மாடிப்படியில் ஒருவர்; "போச்சு, போச்சு, பழையபடி வை!" என்று அலற உள்ளே பத்துப் பேர். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு தெற்கே திருப்பி அதையும் பிடித்தவர்கள் உண்டு. தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டணம் வேறு கட்ட வேண்டியிருந்தது. டயனோரா, சாலிடேர் என்ற பெயர்களைக் கேட்டால் இன்றும் சில வீடுகளில் ஒரு பெருமூச்சு எழும். இரண்டும் சென்னையிலேயே செய்த பெட்டிகள். இன்று நம் வீட்டுக்கு வந்திருப்பதும் இந்தியாவில் பூட்டப்பட்டது என்றே அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் இத்தகைய பெட்டிகளுக்கு உயிரான திரைத் தகடு பெரும்பாலும் சீன தேசத்திலிருந்து கப்பலேறி வருவது. சட்டம் நம்முடையது, முகம் அவர்களுடையது! சுதேசியைப் பற்றிப் பேசும்போது இதையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

இனி, ஈயத்தின் கதை.

புதியதைக் கொடுத்த கடையார் பழையதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வண்டியில் இடமில்லை என்று எடுக்கவில்லை. மறுநாள் பழைய சாமான் வாங்குகிறவர் மூன்று சக்கர வண்டியுடன் வந்து நூற்றைம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். என்ன செய்வீர் என்று விசாரித்தோம். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: கழுத்தைத் தட்டி உடைத்துச் செப்புக் கம்பிச் சுருளை எடுத்துக்கொள்வாராம், பலகைகளை வேறொருவர் வாங்குவாராம், கண்ணாடியை யாரும் வாங்குவதில்லையாம்.

"அது எங்கே போகும்?"

"ஏரிப் பக்கம் எங்கனா கொட்டிருவோம், சார்."

அவரை நாம் குறை சொல்லவில்லை. வயிற்றுப் பிழைப்பு. ஆனால் கூம்புக் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈயச் சேர்க்கை. நமது பக்கத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து போகும் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத்தான் சேருகிறது. 2022-ல் சர்வதேச ராம்சர் ஜாபிதாவில் சேர்க்கப்பட்ட சதுப்பு நிலம் அது. அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பை மேடு ஏற்கனவே செய்திருப்பது போதாதா? நம் வீட்டுக் கூடத்திலிருந்தும் ஒரு பங்கு போக வேண்டுமா?

இன்னொன்றையும் யோசித்தோம். 2006-லிருந்து 2011 வரையில் தமிழ்நாட்டு அரசாங்கம் இலவசமாக வழங்கிய பதினான்கு அங்குல வர்ணத் தொலைக்காட்சிகள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். எல்லாம் கண்ணாடிக் குடுவைப் பெட்டிகள். அவற்றின் நன்மை தீமை பற்றி அப்போது காரசாரமான வாதங்கள் நடந்தன. சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று 2013-ல் தீர்ப்பும் ஆயிற்று. அவை வீடு வந்து சேர்ந்ததைப் பற்றிப் பேசியவர்கள் அநேகர். வீட்டை விட்டு எங்கே போகும் என்று பேசியவர்கள் அபூர்வம். மின்னணுக் கழிவுக்கு 2012 முதல் அமலில் ஒரு விதி இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து புதிய விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. பொருளைச் செய்து விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பது அதன் சாரம். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. நாம் நாலு இடங்களுக்கு டெலிபோன் செய்தோம். இரண்டு இடங்களில் எண்ணை அழுத்து, எண்ணை அழுத்து என்று ஒரு யந்திரம் பேசியது. மூன்றாமிடத்தில் பத்துப் பெட்டி சேர்ந்தால் வருவதாகச் சொன்னார்கள்.

பத்துப் பெட்டி! நாம் கட்டடத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். பன்னிரண்டு வீடுகளில் பரணிலும், கட்டிலடியிலும், பால்கனியில் துணிக்குக் கீழேயுமாக ஒன்பது குடுவைப் பெட்டிகள் அகப்பட்டன. எதிர் வீட்டு மாமியிடம் மட்டும் இரண்டு இருந்தன. ஒன்று ஓடாதது, மற்றொன்று ஓடுமோ என்று இருபது வருஷமாக யாரும் பார்க்காதது. நம்முடையதைச் சேர்த்துக் கணக்கு சரியாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை வண்டி வருகிறது. ஆள் இருவர்தான் வருவார்களாம்; கீழே இறக்கிக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்கள் பொறுப்பு. எதிர் வீட்டு மாமியின் பேரனும், மூன்றாம் மாடிக் கல்லூரி மாணவர்கள் நால்வரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திரையை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும், கனம் முழுவதும் முகத்தில்தான் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

இதற்கிடையில் வீட்டு அம்மாளுக்கு ஒரு கவலை. பழைய பெட்டியின் தலைமேல் இருபது வருஷமாகத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், பெண் கல்யாணத்தில் எடுத்த படமும், பின்னல் விரிப்பும் இருந்து வந்தன. புதுப் பெட்டிக்குத் தலையின் அகலம் ஒரு விரற்கடை. பொம்மையை எங்கே வைப்பது என்று இன்று காலை மறுபடியும் கேட்டாள். வெள்ளிக்கிழமை வரையில் அங்கேயே இருக்கட்டும் என்றோம்.