லீவை விற்று மருந்து வாங்காதீர்கள்!

உங்கள் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு சேர்ந்திருக்கிறது... எல்லாம் கேட்டால் டக்டக்கென்று சொல்வீர்கள். லீவுக் கணக்கு மட்டும் தெரியாது.

'சித்த வைத்தியருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?' என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், நாடி பார்த்த கையோடு நான் கேட்கிற கேள்வி இதுதான்: "கடைசியா எப்ப சார் லீவு போட்டீங்க?"

"மச்சான் கல்யாணத்துக்கு, டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"பொண்ணுக்குக் காதுகுத்து."

"சரி, உங்களுக்காக எப்ப லீவு போட்டீங்க?"

சிரிப்பார்கள். பதில் வராது!

சம்பளத்தோடு கிடைக்கிற லீவு, கம்பெனி போடுகிற பிச்சை அல்ல. அது உழைத்த உடம்புக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதி. அதை நாம் எதற்கெல்லாமோ செலவழித்துவிட்டு, மிச்சத்தை விற்றும் விடுகிறோம். பிறகு அந்தக் காசை மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். என் வருத்தம் இதுதான்.

மூன்று வகை லீவு

பெரிய கம்பெனிகளில் பொதுவாக மூன்று வகை லீவு இருக்கும். கேஷுவல் லீவு எனும் சி.எல்., அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்த சில்லறை மாதிரி. திடீர்ச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் வருடம் முடிந்தால் காலாவதி. சிக் லீவு, பெயரே சொல்கிறது, நோய்க்கானது. மூன்றாவது, உழைத்துச் சம்பாதித்த லீவு. ஈ.எல். என்கிறார்கள். இதுதான் பேங்க் டெபாசிட். சேர்த்து வைக்கலாம், காசாகவும் மாற்றலாம். இப்போது சில கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கணக்காகவும் கொடுக்கின்றன.

சட்டமும் இதற்குத் துணை இருக்கிறது. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் சம்பளத்தோடு கூடிய லீவு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. கணக்கு பழையபடியே: 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் லீவு. 280 நாள் வேலை பார்த்தவருக்கு 14 நாள். அடுத்த வருடத்துக்கு 30 நாள் வரை கொண்டு போகலாம். முறைப்படி கேட்டும் கம்பெனி லீவு தர மறுத்தால், மறுக்கப்பட்ட அந்த நாட்களுக்கு இந்த 30 நாள் வரம்பு கிடையாது. நிறைய பேருக்கு இது தெரியாது!

ஆபீஸ், கடை என்றால், தமிழ்நாட்டில் 1947-ம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் லீவு. அதைத் தவிர நோய்க்கு 12 நாள் வரை, வேறு தகுந்த காரணத்துக்கு 12 நாள் வரை. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, நோயில் படுத்தால் தினக்கூலியில் 70 சதவிகிதம், வருடத்துக்கு 91 நாள் வரை உதவித்தொகை உண்டு.

ஆக, ஓய்வுக்கு வழி இருக்கிறது. எடுத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

தலைகீழ் கணக்கு

நடப்பது என்ன தெரியுமா? சிக் லீவைக் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போட்டுவிடுகிறோம். இதற்காக 'ஒரு சர்ட்டிபிகேட் கொடுங்க டாக்டர்' என்று வருகிறவர்களும் உண்டு. நான் கொடுப்பதில்லை. பிறகு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது கையில் லீவு இருக்காது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போவார். அங்கே பக்கத்து சீட்டுக்காரருக்கும் பரப்புவார்.

ஈ.எல். கதை இன்னும் மோசம். அதைத் தொடவே மாட்டார்கள். "ரிட்டயர் ஆகும்போது மொத்தமா வரும் டாக்டர்" என்பார்கள். தனியார் ஊழியர்கள் ஓய்வு பெறும்போது லீவைக் காசாக்கினால் கிடைக்கும் வருமான வரி விலக்கு 3 லட்சமாக இருந்தது. 2023-ல் அதை 25 லட்சமாக உயர்த்தினார்கள். நல்ல சலுகைதான். ஆனால், சேர்த்து வைக்கிற ஆசையையும் அது சேர்த்தே வளர்க்கிறது. போதாக்குறைக்கு, பல கம்பெனிகளில் லீவை விலை போடுவது பேசிக் சம்பளத்தை வைத்துத்தான். முழுச் சம்பளம் கிடைக்காது. விற்கிற பொருளுக்குச் சரியான விலைகூட இல்லை என்று அர்த்தம்!

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள் அவை. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல், கண்ணீர் என்று போகிற அந்தப் பட்டியலில் தூக்கமும் இளைப்பும் இருக்கின்றன. இளைப்பு என்றால் களைப்பு. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்று சித்தர்கள் சொல்லி வைத்தார்கள். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு என்று பலனையும் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரை அடக்கினால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரிகிறது. களைப்பை அடக்கினால் மட்டும் 'கடின உழைப்பாளி' என்று ஷீல்டு கொடுக்கிறோம்!

இன்றைய ஆராய்ச்சியும் வேறு மாதிரி சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவிகிதம் அதிகம். நீண்ட நேர வேலையால் 2016-ம் வருடம் மட்டும் உலகில் சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இந்த இரண்டு நோய்களில் இறந்திருக்கிறார்கள்.

பணத்துக்குக் கட்டாய லீவு... உடம்புக்கு?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பேங்க்குகளில் முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவை, தொடர்ந்து 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய லீவு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கிறது. அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று! எதற்காக? அந்த ஆள் சீட்டில் இல்லாத நேரத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருந்தால் வெளியே வந்துவிடுமே, அதற்காக.

பத்து நாள் ஒருவர் இல்லாவிட்டாலும் பேங்க் நடக்கிறது இல்லையா? பணத்தைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு முடியும் என்றால், மனிதனைக் காப்பாற்ற ஏன் முடியாது? 'நான் இல்லேன்னா செக்‌ஷனே ஓடாது டாக்டர்' என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1970-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 132-ம் எண் ஒப்பந்தம், வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்கிறது. அந்த லீவைப் பிரித்து எடுத்தாலும், பொதுவாக ஒரு பகுதி இடைவிடாத இரண்டு வாரமாக இருக்க வேண்டும். இந்தக் குறைந்தபட்ச லீவைக் காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுப்பது செல்லாது என்றும் அது சொல்கிறது. இந்தியா இதில் கையெழுத்திடவில்லை. ஆனால், பெரிய கம்பெனிகள் தாமாகவே இதைப் பின்பற்ற யார் தடுத்தார்கள்? வருடத்தில் ஒரு வாரமாவது ஒவ்வொருவரும் தொடர்ச்சியாக லீவு எடுத்தே ஆக வேண்டும், அந்த வாரம் போனும் வாட்ஸ்அப்பும் பண்ணக்கூடாது என்று ஒரு விதி போடட்டும்.

'காலேஜ் பீஸ் கட்டணும், வீட்டுக் கடன் இருக்கு, லீவை விற்காம என்ன செய்றது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் எல்லாவற்றையும் செலவழிக்கச் சொல்லவில்லை. பாதியைச் சேர்த்து வையுங்கள், பாதியை உடம்புக்குக் கொடுங்கள். அதே கம்பெனி வாசலில் நிற்கிற செக்யூரிட்டியையும், கான்ட்ராக்டில் தரை துடைக்கிற அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. கிடைக்காதவர்கள் ஏங்குகிற ஒன்றை, கிடைத்தவர்கள் வீணடிக்கலாமா?

என்ன செய்யலாம்?

முதலில், லீவுக் கணக்கைக் கேட்டு எழுதி வையுங்கள். வருட ஆரம்பத்திலேயே காலண்டரில் ஐந்தாறு நாள் தொடர்ச்சியாகக் குறித்துவிடுங்கள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அலுப்போடு திரும்புகிற லீவாக அது இருக்க வேண்டாம். நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு நடை. இதுவே போதும்.

இரண்டாவது, சிக் லீவை நோய்க்கு என்றே ஒதுக்குங்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடாதீர்கள். பத்தியம் என்பது புளி, காரம் குறைப்பது மட்டுமல்ல, உடம்பை அலட்டாமல் வைத்திருப்பதும் பத்தியம்தான். நான் பேதி மருந்து கொடுத்து, 'ஒரு நாள் வீட்டோட இருக்கணும்' என்றால், 'ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கறேனே' என்கிறார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் மருந்துக்கே கொடுத்துவிட்டால், ஓய்வு எப்போது?

மூன்றாவது, இல்லத்தரசிகளே, உங்களுக்கு! அவர் லீவு என்றால் உங்களுக்கு டபுள் டியூட்டி என்று ஆகிவிடக் கூடாது. பஜ்ஜி, போண்டா என்று அடுப்படியிலேயே நிற்காதீர்கள். வாரத்தில் ஏழு நாளும் வேலை பார்க்கும் உங்களுக்கு எந்தச் சட்டமும் லீவு எழுதி வைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். அவர் எடுக்கிற லீவில் ஒரு நாள் சமையலை அவரும் பிள்ளைகளும் பார்க்கட்டும். சாம்பாரில் உப்பு கூடினால் கூடட்டும்!

லீவை விற்ற பணம் ஒரு மாதத்தில் செலவாகிவிடும். தேய்ந்த உடம்பை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. மருந்து கொடுக்கிற நான் சொல்கிறேன், நம்புங்கள்.